தையல் பிரித்த கைகள்

என் மனைவி மெல்பர்னுக்குப் போன மூன்றாவது நாள் நான் பிரிட்ஜை மூன்று முறை துடைத்தேன். அதில் துடைக்க ஒன்றுமே இல்லை. எங்கள் மகளுக்கு முதல் குழந்தை பிறந்திருந்தது. மூன்று மாதம் கூட இருந்து பார்த்துக்கொள்ள மனைவி போயிருந்தாள். நான் ஓய்வு பெற்று அப்போதுதான் ஆறு வாரம் ஆகியிருந்தது. ஈசூனில் எங்கள் நாலறை வீட்டில், கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக நான் மட்டும் இருந்தேன்.

என் வேலை பஸ் முனையத்தில் வண்டிகளை அனுப்புவது. எந்த வண்டி எப்போது கிளம்ப வேண்டும், ஓட்டுநர் வரவில்லை என்றால் யாரை ஏற்றிவிடுவது, மழையில் சாலை அடைத்துக்கொண்டால் எதை முன்னால் விடுவது, இதையே முப்பத்தோரு வருடம் செய்திருக்கிறேன். வெயில் மழை பார்க்காமல் நின்றே பார்த்த வேலை. அந்த வேலை உடம்பில் ஊறிவிட்டது. ஏழெட்டு நிமிடத்துக்கு ஒரு தடவை ஏதாவது ஒன்று கிளம்பிப் போகாவிட்டால் எனக்கு நெஞ்சுக்குள் என்னவோ செய்யும். வீட்டில் எதுவும் கிளம்பவில்லை. மின்விசிறி சுற்றியது, அவ்வளவுதான்.

"டீவி பாருங்களேன்," என்றாள் மனைவி போனில்.

"பாத்துட்டேன்."

"எல்லாத்தையுமா?"

அவள் பின்னால் குழந்தை அழுதது. அவள் வாயால் உச்சுக் கொட்டிச் சமாதானம் செய்துகொண்டே, "ஒண்ணு செய்யுங்க. தேக்காவுல எம்ப்ராய்டரி குழு ஒண்ணுல நான் பேர் குடுத்து வெச்சிருந்தேன்ல, சனிக்கிழமை காலையில. என் இடம் சும்மாதானே கெடக்கு, நீங்க போங்க," என்றாள்.

"நானா? ஊசி நூலோடயா?"

"அம்பது பஸ்ஸ வரிசையா நிறுத்தின ஆளு. ஒரு நூல நிறுத்த முடியாதா?"

கேலிக்குத்தான் சொன்னாள். ஆனால் சனிக்கிழமை காலை எனக்குப் போக வேறு இடம் இல்லை. அலமாரியிலிருந்து அவளுடைய துணிப்பையை எடுத்துக்கொண்டு ரயிலேறினேன். நியூட்டனில் மாறி லிட்டில் இந்தியாவில் இறங்கினேன். பூக்கடைகளைத் தாண்டி, தேக்கா சந்தையின் மீன் வாடையைத் தாண்டி, ஒரு சமூக மன்றத்தின் இரண்டாம் மாடிக்குப் போய்க் கதவைத் திறந்தேன். நீள மேசையைச் சுற்றி ஒன்பது பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"டாய்லெட் அந்தக் கடைசியில," என்றார் ஒருவர்.

"இல்ல, நான் எம்ப்ராய்டரிக்கு வந்தேன்."

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். மேசையின் ஒரு கோடியில் உட்கார்ந்திருந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு அறுபத்தேழு வயது என்று பிறகு தெரிந்துகொண்டேன். தலையில் இளநீலத் துணி, மூக்குக் கண்ணாடி சங்கிலியில் தொங்கியது. அவருடைய முன்னோர்கள் நாகூர்ப் பக்கமிருந்து துணி வியாபாரத்துக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர்கள். அவர் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குத் தையலும் சமையலும் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். இந்தக் குழுவை நடத்துவது அவர்தான். எல்லாரும் அவரை அக்கா என்றார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். இந்த ஊர்க்காரர்கள் வழக்கப்படி அவர் பேச்சில் அடிக்கடி ஒரு 'லா' ஒட்டிக்கொள்ளும்.

"உங்க வைஃப் மெசேஜ் பண்ணாங்க. வாங்க தம்பி, உக்காருங்க லா. ஊசியில நூல் கோக்க வருமா?"

"சட்டைக்குப் பொத்தான் தைச்சிருக்கேன்."

"போதும். மத்ததெல்லாம் அதுக்குச் சொந்தக்காரங்கதான்."

முதல் ஒரு மணி நேரத்தில் நான் ஆறு தடவை எழுந்தேன். ஒரு தடவை தண்ணீர் குடிக்க, இரண்டு தடவை ஜன்னல் வழியாகக் கீழே சாலையைப் பார்க்க, மீதி எதற்கென்று எனக்கே தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தது கோயம்புத்தூரிலிருந்து வந்து இங்கே ஒரு வங்கியில் மென்பொருள் வேலை பார்க்கும் இளம்பெண். அவளும் அமைதியான பிறவி இல்லை. ஒரு கையில் போன், மறுகையில் ஊசி. அவளே சொன்னாள்: "அங்கிள், நீங்க எந்திரிக்கறப்ப எல்லாம் டேபிள் ஆடுதுங்க. என் ஸ்டிட்ச் எங்கியோ போகுது."

"சாரிம்மா."

"உக்காந்துட்டே காலை ஆட்டுனாலும் ஆடுதுங்க."

அன்று நான் ஒரு கோடு தைத்தேன். அரை சாண் நீளம். அது நேராக இல்லை. அக்கா கண்ணாடியை ஏற்றி அதைப் பார்த்தார். "பிரிச்சிட்டுத் திரும்பப் போடுங்க," என்றார். திரும்பப் போட்டேன். மறுபடி பார்த்தார். "பிரிங்க." அந்த மாதம் நான் தைத்ததைவிடப் பிரித்ததுதான் அதிகம். ஆனால் மறு சனிக்கிழமையும் போனேன். அதற்கு அடுத்த சனிக்கிழமையும். ஈசூன் ஸ்டேஷனில் ரயில் கதவு மூடும்போது உள்ளே ஏதோ ஒன்று கிளம்பிய மாதிரி இருக்கும். அதற்காகத்தான் போனேன் என்று நினைக்கிறேன்.

ஆறாவது வாரமோ என்னவோ, அக்கா ஒரு புது வேலையைக் கொண்டுவந்தார். பக்கத்து வட்டாரத்தில் ஒரு அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் முதியோருக்கான பகல்நேரப் பராமரிப்பு நிலையம் ஒன்று இருந்தது. அங்கே ஞாபகம் தப்பிப்போனவர்கள் பலர் வருகிறார்கள். அவர்களுடைய கை சும்மா இருக்காது. சட்டை நுனியைப் பிடித்து இழுப்பது, மேசையைச் சுரண்டுவது, தங்கள் தோலையே கிள்ளிக்கொள்வது என்று ஏதாவது செய்துகொண்டே இருக்கும். அவர்கள் மடியில் போட்டுக்கொள்ள ஆளுக்கொரு துணி தைத்துத் தரலாமா என்று நிலையத்தில் கேட்டிருந்தார்கள். திறந்து மூட ஜிப், தடவிப் பார்க்க வெல்வெட், சேலை பார்டர், இழுத்தாலும் வராத பொத்தான், கை நுழைக்க ஒரு சின்னப் பை, இப்படிப் பலதும் வைத்த துணி.

எல்லாரும் பூ, கிளி, மாங்காய் என்று வரைந்தார்கள். எனக்கு அதெல்லாம் வராது. நான் ஒரு சாலை போட்டேன். ஈசூன் முனையத்தில் கிளம்பி வளைந்து வளைந்து செராங்கூன் ரோட்டில் வந்து முடிகிற சாலை, சிவப்பு நூலில் சங்கிலித் தையல். நிறுத்தங்களுக்குப் பொத்தான்கள். தேக்கா மேல்மாடியில் தையல்கடைக்காரர்களிடம் அலைந்து ஒரே அளவில் பதினொரு பொத்தான் பொறுக்கினேன். ஐந்து வாரம் ஆயிற்று. வீட்டிலும் உட்கார்ந்து தைத்தேன். கழுத்து பிடித்துக்கொண்டது. முடித்ததும் அக்கா நெடுநேரம் பார்த்துவிட்டு, "முன்பக்கம் பரவால்ல," என்றார். பின்பக்கத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பின்பக்கம் நூல்கள் குறுக்கும் நெடுக்கும் ஓடி, முடிச்சு மேல் முடிச்சாகக் கிடந்தது.

ஒரு வியாழக்கிழமை அக்காவும் நானும் கோயம்புத்தூர்ப் பெண்ணும் துணிகளைக் கொண்டுபோனோம். அங்கே வேலை பார்த்த தாதி ஜொகூரிலிருந்து தினமும் பாலம் தாண்டி வருகிற தமிழ்ப்பெண். கலகலப்பானவள். துணிகளை ஒவ்வொருவர் மடியிலும் விரித்துக்கொண்டே வந்தாள். என் துணி ஒரு சீன மூதாட்டிக்குப் போயிற்று. எலும்பும் தோலுமாக இருந்தார். தலைமுடியைக் காதோடு கத்தரித்திருந்தார்கள். நாங்கள் போன அரை மணி நேரத்தில் அவர் மூன்று தடவை எழுந்து வாசலுக்குப் போனார். மூன்று தடவையும் தாதி கையைப் பிடித்துத் திருப்பி அழைத்து வந்தாள்.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை?" என்று கேட்டேன்.

"எண்ணுறதில்ல அங்கிள். டைம் ஆச்சு, போணும் போணும்னு சொல்லிக்கிட்டே இருப்பாங்க."

எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

அவர் என் துணியைக் கையில் எடுத்தார். சாலையைப் பார்க்கவில்லை, பொத்தான்களைத் தொடவும் இல்லை. நேராகத் துணியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். முகத்தைச் சுளித்தார். என்னை நிமிர்ந்து பார்த்து, "தா போலே," என்றார். முடியாது, ஆகாது என்பதற்கு இந்த ஊரில் சீனர், தமிழர் எல்லாரும் சொல்கிற மலாய் வார்த்தை. பிறகு கட்டைவிரல் நகத்தால் ஒரு முடிச்சைத் தேடிப் பிடித்தார்.

கோயம்புத்தூர்ப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன்.

மறுவாரம் அக்கா என்னை மேசையை விட்டு ஓரமாகக் கூப்பிட்டார். "தம்பி, நெலயத்துலேருந்து போன் பண்ணாங்க. உங்க துணியில பொத்தான் கழண்டு வந்துச்சாம். ஒம்பது. யாராவது வாயில போட்டுக்கிட்டா என்ன ஆறது? திருப்பி எடுத்துக்கச் சொல்றாங்க."

"நான் நல்லா இறுக்கித்தான் அக்கா தைச்சேன்."

"இறுக்கித் தைச்சிருந்தா கழலாது லா."

"அந்தம்மா பிரிச்சிருக்காங்க. நான் பாத்தேன்."

"என் தையல யாரும் பிரிச்சதில்ல," என்றார் அக்கா. குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். ஆனால் மேசையில் இருந்தவர்கள் காதில் விழுந்திருக்கும். அறுபத்திரண்டு வயதில், ஒன்பது பெண்களுக்கு முன்னால் வீட்டுப்பாடம் தப்பாக எழுதிய பையன் மாதிரி நின்றேன். பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த இரண்டு சனிக்கிழமை போகவில்லை.

அந்த இரண்டு வாரம் நான் எங்கெங்கோ போனேன். செராங்கூன் ரோட்டை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நடந்தேன். நகைக்கடை வாசலில் நின்று கண்ணாடியில் என் முகத்தைத்தான் பார்த்தேன். ஒரு நாள் கையில் கிடைத்த பஸ்ஸில் ஏறி, மாறி மாறி ஏறி, காத்தோங் வரை போய்விட்டேன். சிலோன் ரோட்டுப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்து, பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து, அடுத்தடுத்த வண்டிகளுக்கு இடையில் எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வண்டி தாமதமாக வந்தது. எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை.

அந்த நிலையில்தான் மனைவி ஒரு மத்தியானம் கூப்பிட்டாள்.

"என்னங்க, ஒண்ணு சொல்லணும். மாப்பிள்ளைக்கு லீவு முடிஞ்சு போச்சு. இவ ஒருத்தியா சமாளிக்க முடியாதுங்கறா. இன்னும் ரெண்டு மாசம் இருந்துட்டு வரட்டுமா?"

"ரெண்டு மாசமா?"

"புள்ள ராப்பகலா தூங்க மாட்டேங்குதுங்க."

"உனக்கு இங்க ஒரு வீடு இருக்கறது ஞாபகம் இருக்கா?"

அத்தோடு நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "உன்ன அங்க என்ன வேலைக்காரியா வெச்சிருக்காங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

"புள்ள அழுவுது. வைக்கிறேன்," என்றாள். குழந்தை அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கேட்டிருக்கும்.

மறுநாள் வீட்டில் இருக்க முடியவில்லை. துணியைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னார்களே, அந்த ஒரு வேலையாவது இருக்கிறதே என்று நிலையத்துக்குப் போனேன். நான் போனபோது அந்த மூதாட்டி கண்ணாடிக் கதவுக்கு உள்பக்கம் நின்றுகொண்டிருந்தார். கதவின் கைப்பிடியைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தார். திறக்கவில்லை. தாதி வந்து அவரை விலக்கி என்னை உள்ளே விட்டாள்.

"துணி குடுத்த மொத வாரம் எந்திரிக்கவே இல்ல அங்கிள்," என்றாள். "உங்க துணி கையில இருந்த வரைக்கும் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாக்கூட வரல. அத வாங்கி வெச்சோம், திரும்ப வாசல்தான்."

"அப்படி என்ன பண்ணாங்க?"

அவள் அலமாரியைத் திறந்து என் துணியைக் கொடுத்தாள். நான் அதை மேசையில் விரித்தேன். செராங்கூன் ரோடு இல்லை. ஈசூனிலிருந்து வந்த வழியில் முக்கால்வாசி இல்லை. சங்கிலித் தையலின் கடைசிக் கண்ணி தெரிந்தவர் அதை விடுவித்து இழுத்தால் மொத்தமும் ஓடி வந்துவிடும். அதைத்தான் செய்திருந்தார். அவசரத்தில் பிய்த்த மாதிரி இல்லை. துணியில் ஒரு இழைகூட அறுபடவில்லை. தையல் இருந்த இடத்தில் ஊசித் துளைகள் மட்டும் வரிசையாக இருந்தன. உருவிய நூலைச் சின்ன உருண்டையாகச் சுற்றிப் பையில் வைத்திருந்தார்.

"இவங்க மருமக சொன்னாங்க," என்றாள் தாதி. "சின்ன வயசுலேர்ந்து கார்மெண்ட் பேக்டரியில வேலையாம். தைச்சு வர்றத செக் பண்ற வேலை. சரியில்லாத தையலப் பிரிச்சுத் திருப்பி அனுப்புவாங்களாம்."

நான் திரும்பிப் பார்த்தேன். மூதாட்டி எனக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார். என் தோளுக்கு மேலாகத் துணியைப் பார்த்தார். மிச்சமிருந்த சிவப்புத் தையலை விரலால் தட்டி, வேலையில் இருக்கிற ஒருவர் சொல்கிற அவசரத்தோடு, "தா போலே, தா போலே," என்றார்.

வாழ்நாள் முழுக்க நானும் அதைத்தானே செய்தேன். இந்த வண்டி போகக்கூடாது, டயர் சரியில்லை, கதவு மூடவில்லை, திருப்பி அனுப்பு.

"பொத்தான் இல்லாம, வெறும் தையல் மட்டும் போட்டுக் கொண்டு வந்தா குடுப்பீங்களா?"

தாதி யோசித்தாள். "மேனேஜர்கிட்ட கேக்கணும். நீள நூல் ஆகாது அங்கிள், விரல்ல சுத்திக்குவாங்க. யாராவது பக்கத்துல உக்காரவும் வேணும்."

"நான் உக்கார்றேன்," என்றேன். சொன்ன பிறகுதான், ஒரு இடத்தில் உட்கார முடியாத நான் என்ன சொல்கிறேன் என்று எனக்குப் புரிந்தது.

சனிக்கிழமை குழுவுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். அக்காவுக்குப் பிடிக்கவில்லை.

"பிரிக்கறதுக்காகவா தம்பி நாம தைக்கறோம்? கண்ண வலிக்க வெச்சுத் தைச்சு, அத ஒருத்தங்க உருவிப் போடறதுக்கா?"

"அவங்களுக்கு அது வேலை அக்கா."

"வேலைன்னா தைக்கச் சொல்லுங்க."

"ஊசி குடுக்கக் கூடாதாம்."

மேசையைச் சுற்றி இரண்டு கட்சி ஆயிற்று. பாவம், அவருக்குப் பிடித்ததைச் செய்யட்டுமே என்றார்கள் சிலர். நல்ல துணியும் நூலும் வீண் என்றார்கள் சிலர். கோயம்புத்தூர்ப் பெண் எதிலும் சேராமல் ஒரு தடித்த கம்பளித் துணியில் என்னவோ போட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் அதை நீட்டினாள். விரல் நீளத்துக்கு ஒரு நூல், அத்தோடு வெட்டு. பக்கத்தில் இன்னொரு விரல் நீளம். எதை இழுத்தாலும் கையில் வருவது துண்டுதான்.

"இது சேஃப் தானுங்க அங்கிள்? நூலும் தடியா இருக்கு, அவங்க கண்ணுக்குத் தெரியும்."

அக்கா அதை வாங்கிப் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார். "என்னமோ செய்ங்க," என்றார். அது சம்மதமா கோபமா என்று யாருக்கும் விளங்கவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து நான் செவ்வாயும் வியாழனும் நிலையத்துக்குப் போனேன். போகுமுன் வீட்டில் உட்கார்ந்து ஒரு துணி தைப்பேன். மூதாட்டி அதை வாங்குவார், திருப்புவார், முகத்தைச் சுளிப்பார், "தா போலே" என்பார், வேலையைத் தொடங்குவார். நான் பக்கத்து நாற்காலியில் இருப்பேன். நூல் துண்டுகளை ஒரு டப்பாவில் எண்ணிப் போடுவது என் பொறுப்பு. தைத்த துண்டு எத்தனையோ அத்தனையும் டப்பாவுக்கு வந்தாக வேண்டும் என்று மேனேஜர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அந்த ஒரு மணி நேரத்தில் இரண்டு பேரும் ஒரு தடவைகூட எழுந்ததில்லை. என் கால் மட்டும் ஆடிக்கொண்டிருக்கும். ஒரு நாள் அவர் பிரிப்பதை நிறுத்திவிட்டு, என் முழங்கால்மேல் கையை வைத்து அழுத்தினார். பிறகு வேலையைத் தொடர்ந்தார்.

மனைவியிடம் நான் மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. பிரித்துப்போட்ட என் சாலையைப் படம் எடுத்து அனுப்பி, நடந்ததை எழுதினேன். உடனே கூப்பிட்டாள்.

"ஒண்ணுகூட மிச்சம் வெக்கலியா?"

"ஈசூன்ல ரெண்டு ஸ்டாப் இருக்கு."

சிரித்தாள். பிறகு, "நான் எத்தனையோ தைச்சிருக்கேன். எதையாவது நீங்க இவ்வளவு உத்துப் பாத்திருக்கீங்களா?" என்றாள்.

"இல்ல."

"ம்."

"ரெண்டு மாசம் இருந்துட்டு வா," என்றேன். "அன்னிக்கு நான் பேசினது தப்பு."

"தெரியும்," என்றாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை நிலையத்துக்குள் போனபோது அக்கா எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார். என்னிடம் சொல்லவில்லை. மடியில் பழுப்பு உறை ஒன்று. "நானும் ஒண்ணு கொண்டாந்தேன்," என்றார். "கோணலாப் போடணும்னுதான் உக்காந்தேன். கை வரமாட்டேங்குது தம்பி."

உறைக்குள் இருந்த துணியில் ஒரு பச்சை இலை. அவ்வளவுதான். ஆனால் தையல் ஒவ்வொன்றும் அரிசிக் குருணை அளவு. மூதாட்டி அதை வாங்கினார். வழக்கம்போலத் திருப்பினார். பின்பக்கத்தில் ஒரு முடிச்சும் இல்லை. நகத்தால் ஓரமெல்லாம் தேடினார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். முன்பக்கம் பார்த்து மறுபடி பின்பக்கம் பார்த்தார். அக்கா கண்ணாடிச் சங்கிலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

மூதாட்டி துணியை இரண்டாக மடித்தார், நான்காக மடித்தார், உள்ளங்கையால் நீவினார். மேசையின் வலது பக்கத்தில் தனியாக வைத்தார். "போலே," என்றார், முதல் தடவையாக 'தா' இல்லாமல். பிறகு என் பக்கம் கையை நீட்டினார், அடுத்த துணிக்காக.

அக்கா எழுந்து முகம் கழுவப் போனார். வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்து, "நாப்பது வருசத்துல எனக்கு யாரும் செக் பண்ணிச் சொன்னதில்ல," என்றார். வீட்டுக்குத் திரும்பும்போது பஸ் நிறுத்தம் வரை கூட நடந்தார். "உங்க தையல் அப்படியே இருக்கட்டும் தம்பி. நான் இனிமே திருத்த மாட்டேன்."

நான் சிரித்தேன். ஆனால் எனக்கும் ஒரு ஆசை இருந்தது, அவரிடம் சொல்லவில்லை. ஒரு தடவையாவது அந்தக் கிழவி என் துணியைத் திருப்பிப் பார்த்து வலது பக்கம் வைக்க வேண்டும். வீட்டில் ஒரு துணியை இரண்டு நாள் ராப்பகலாகத் தைத்தேன். பின்பக்கத்தை அடிக்கடி திருப்பிப் பார்த்து, முடிச்சில்லாமல் நூலை உள்ளேயே மறைத்துத் தைத்தேன். வியாழக்கிழமை அதைக் கொண்டுபோனபோது அவருடைய நாற்காலி காலியாக இருந்தது.

"வீட்ல வழுக்கி விழுந்துட்டாங்க அங்கிள்," என்றாள் தாதி. "ஆஸ்பத்திரியில இருக்காங்க. இனிமே இங்க வர்றது கஷ்டம்தான்."

"எந்த ஆஸ்பத்திரி?"

"அது நான் சொல்லக் கூடாது அங்கிள். தப்பா நெனைக்காதீங்க."

தப்பாக நினைக்கவில்லை. விதி விதிதான். ஆனால் அடுத்த செவ்வாயும் போனேன், வியாழனும் போனேன். வேறு யாருக்கும் பிரிக்க விருப்பமில்லை. ஒரு தாத்தாவிடம் கொடுத்துப் பார்த்தேன். அவர் துணியால் மேசையைத் துடைத்தார். மூன்றாவது வாரம், மூதாட்டியின் பொருள்களை எடுத்துப்போக ஒரு அம்மா வந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும், அலுவலக உடையில் இருந்தார். தாதி அவரிடம் என்னைக் காட்டி என்னவோ சொன்னாள். அவர் நேராக என்னிடம் வந்தார்.

"மோசமாத் தைக்கிற ஆள் நீங்கதானா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். கேட்ட பிறகு அவருக்கே சங்கடமாகிவிட்டது. மருமகள் அவர்தான்.

"நானேதான்."

இடுப்பில் அறுவைச் சிகிச்சை முடிந்து, மாமியார் இப்போது வீட்டில் கட்டிலோடு இருப்பதாகச் சொன்னார். தலையணை உறையில் ஒரு பக்கத் தையலைப் பிரித்துவிட்டாராம், போர்வையின் விளிம்பையும் பிரித்துவிட்டாராம். இனிப் பிரிக்க ஒன்றுமில்லாமல், எழுந்து போக வேண்டும் என்று அடம்பிடிக்கிறாராம். நான் பையிலிருந்த துணிகளை எடுத்துக் கொடுத்தேன். ஐந்து இருந்தன. பார்த்துப் பார்த்துத் தைத்ததும் அதில் ஒன்று. நூல் துண்டுகளை எண்ணி எடுத்துவிட வேண்டும், பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னேன். அவர் வாங்கிக்கொண்டு, தன் போன் நம்பரை எழுதிக் கொடுத்தார்.

நான்கு நாள் கழித்து அவரிடமிருந்து ஒரு படம் வந்தது. கட்டில்மேல் நூல் துண்டுகள் குவியலாகக் கிடந்தன. ஐந்து துணியும் வெறுமையாக இருந்தன. ஐந்தும். நான் படத்தைப் பெரிதாக்கி எண்ணிப் பார்த்தேன். வலது பக்கத்தில் எதுவும் இல்லை. கோபம் வந்தது, பிறகு சிரிப்பு வந்தது. அன்று மத்தியானமே தேக்காவுக்குப் போய்க் கம்பளித் துணி வாங்கினேன்.

மனைவி ஐந்தாவது மாதம் திரும்பி வந்தாள். விமான நிலையத்தில் பார்த்தபோது இளைத்திருந்தாள். வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டுவிட்டு சோபாவில் உட்கார்ந்தாள். நான் எதிரில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்து பார்த்தால், அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தபடியே முன்னும் பின்னும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தாள். கையில் குழந்தை இல்லை, கை மட்டும் அப்படி மடங்கியிருந்தது.

"என்ன?" என்றேன்.

"ஒண்ணுமில்லயே."

இரண்டு நிமிடம் நிறுத்தினாள். பிறகு மறுபடி ஆடினாள். எழுந்து அறைக்குப் போனாள், வந்தாள், சமையலறைக்குப் போனாள், வந்தாள். போனை எடுத்துப் பார்த்தாள். "அங்க இப்ப குளிப்பாட்டற நேரம்," என்றாள்.

நான் ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு, பக்கத்தில் போய் உட்கார்ந்து, "கூப்பிடு," என்றேன். அவள் கூப்பிட்டாள். மகள் எடுக்கவில்லை. இரண்டு பேரும் போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம்.